உயிரின் பெருமூலக்கூறுகள்: முதலிடம் எதற்கு?

ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வேதியியலாளர்கள் இந்தக் கேள்விக்காகக் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ரப்பர், பட்டு, ஸ்டார்ச், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாமே சிறுசிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டவைதாம் என்பது அன்றைய பெரும்பான்மைக் கருத்து. ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் அதை மறுத்து எழுதினார். இவை உண்மையான வேதிப் பிணைப்புகளால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள், ஒவ்வொரு சங்கிலியும் ஒரே மூலக்கூறு என்றார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று மூத்த அறிஞர்கள் அவரைக் கண்டித்தார்கள். சில ஆண்டுகளில் ஸ்வீடனின் தியோடர் ஸ்வெட்பெர்க், தாம் உருவாக்கிய அதிவேக மையவிலக்குக் கருவியில் ஹீமோகுளோபினைச் சுழற்றி அதன் நிறையைக் கணக்கிட்டார். ஹைட்ரஜன் அணுவைப் போல 60,000 மடங்குக்கும் மேல் வந்தது. எல்லா மூலக்கூறுகளும் ஒரே நிறையில் இருந்தன என்பது அதைவிட முக்கியம். ஏதோ ஒட்டித் திரண்ட கூட்டமாக இருந்தால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் அல்லவா இருக்க வேண்டும்? ஸ்டாடிங்கரின் பக்கம் காற்று திரும்பியது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சண்டை தீர்ந்ததும் இன்னொன்று தொடங்கியது. பெருமூலக்கூறுகள் இருக்கின்றன, சரி. அவற்றுள் உயிருக்கு ஆதாரம் எது? கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம், லிப்பிடு என்று நான்கு வகைகளைப் பள்ளிப் புத்தகம் வரிசைப்படுத்துகிறது. ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டால், அதன் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். சுமார் 15 சதவீதம் புரதம், 6 சதவீதம் ஆர்என்ஏ, 1 சதவீதம் டிஎன்ஏ, பலசர்க்கரைகளும் லிப்பிடுகளும் தலா 2 சதவீதம் அளவில். இந்தக் கணக்கை வைத்துப் புரதமே தலைமை என்று சொல்லலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு டிஎன்ஏவுக்கு முடிசூட்டினார்கள். அதன்பின் ஆர்என்ஏவின் முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று ஓரங்கட்டப்பட்டு, பிறகு அதுவே புதிய உண்மையின் வாசலாக மாறியது. இந்தத் தரவரிசைப் பழக்கமே அறிவியலின் கண்ணை மறைத்தது என்று நான் கருதுகிறேன். செல்லுக்குள் இந்த நான்கும் தனித்தனித் துறைகளாக இயங்குவதில்லை.

கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம் மூன்றின் அலகுகளைக் கோக்கும் முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. ஓர் அலகிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் அடுத்த அலகிலிருந்து ஒரு ஹைட்ராக்சிலும் நீங்கி நீராக வெளியேற, இரண்டுக்கும் நடுவே பிணைப்பு விழுகிறது. இது தானாக நடக்காது. செல் ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும். நாம் உண்பது செரிப்பது இதன் மறுதலை: நீரைச் சேர்த்துப் பிணைப்பை வெட்டுவது. சோறானாலும் மீனானாலும் பெரும்பாலும் அலகுகளாக உடைந்த பிறகே குடல் சுவரைத் தாண்டும். கொலாஜன் தூளைக் கரைத்துக் குடித்தால் அது நேரே முகத்தோலில் போய்ப் படியும் என்று விளம்பரம் சொல்கிறது. குடல் அதை அமினோ அமிலங்களாகவும் குறுந்துண்டுகளாகவும் உடைத்துவிடுகிறது. அவற்றைக்கொண்டு எதைக் கட்டுவது என்பதை உடம்பு முடிவு செய்யும், டப்பாவில் ஒட்டிய சீட்டு அல்ல.

கார்போஹைட்ரேட்டுகளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் குறைத்து மதிப்பிடப்பட்டவை அவையே. குளுக்கோஸ் என்ற ஒரே அலகை எடுத்துக்கொள்வோம். அதை ஆல்ஃபா வகைப் பிணைப்பால் கோத்தால் ஸ்டார்ச். பீட்டா வகைப் பிணைப்பால் கோத்தால் செல்லுலோஸ். ஓர் ஆக்சிஜன் வளையத்தின் கீழ்ப்புறமாக நீட்டுகிறதா, மேற்புறமாக நீட்டுகிறதா என்பதுதான் வேறுபாடு. விளைவோ மலைக்க வைப்பது. ஆல்ஃபா பிணைப்பில் சங்கிலி வளைந்து சுருள்கிறது. நீர் உள்ளே புகுகிறது, நொதி எளிதாகக் கத்தி வைக்கிறது. பீட்டா பிணைப்பில் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி இழையாகிறது. முன்னது சோறு. பின்னது பருத்தி நூல். வேட்டியும் சோறும் ஒரே சர்க்கரையால் ஆனவை. ஆனால் பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி நம் குடலில் இல்லை. பசுவுக்கும் சொந்தமாக அது கிடையாது; அதன் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் வைக்கோலை உடைத்துத் தருகின்றன.

சோற்றையே இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். அரிசியின் ஸ்டார்ச்சில் இரண்டு கூறுகள் உண்டு. கிளையற்ற நீண்ட சங்கிலி அமைலோஸ். ஏறத்தாழ இருபத்தைந்து அலகுகளுக்கு ஒருமுறை கிளைவிடுவது அமைலோபெக்டின். அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு பருக்கை பருக்கையாக நிற்கும். குறைந்தால் குழையும். தாய்லாந்திலும் லாவோசிலும் கையால் உருட்டி உண்ணும் ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை. அமைலோஸைக் கட்டும் ஒரே ஒரு நொதி அந்த நெல்லின் மணியில் செயலற்றுப் போனதுதான் காரணம். சூடாக வடித்த சோறு மென்மையாக இருப்பதும், ஆறிய பிறகு விறைத்துப்போவதும் இதே கதையின் தொடர்ச்சி. கொதிநீரில் பிரிந்து நின்ற அமைலோஸ் சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் ஒன்றையொன்று பற்றிப் படிகமாகின்றன. அப்படி இறுகியதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது.

விலங்குகள் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. அப்படியே தனிக் குளுக்கோஸாக வைத்துக்கொண்டால் என்ன? கல்லீரல் செல் தாங்காது. அவ்வளவு சர்க்கரை கரைந்திருந்தால் அதன் ஊடுபரவல் அழுத்தத்தால் நீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கி வெடிக்கும். ஆயிரக்கணக்கான அலகுகளை ஒரே மூலக்கூறாகக் கோத்துவிட்டால், கரைசலைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு துகள். கிளைக்கோஜனில் எட்டு முதல் பன்னிரண்டு அலகுகளுக்கு ஒரு கிளை, ஸ்டார்ச்சைவிட நெருக்கம். கிளை நுனிகள் கூடக்கூட ஒரே நேரத்தில் பல நுனிகளிலிருந்து குளுக்கோஸைக் கழற்றலாம். துரத்தும் நாய்க்கு முன் ஓட வேண்டிய விலங்குக்கு அந்த வேகம் வேண்டும். அசையாமல் நிற்கும் நெற்பயிருக்கு வேண்டாம்.

சர்க்கரை என்றாலே எரிபொருள் அல்லது நார் என்று நினைத்துவிடக் கூடாது. இறால் ஓட்டிலும் காளான் சுவரிலும் இருக்கும் கைட்டின், குளுக்கோஸில் நைட்ரஜன் சேர்ந்த ஓர் அலகின் சங்கிலி. பாக்டீரியாவின் சுவர், சர்க்கரைச் சங்கிலிகளைக் குறும் பெப்டைடுகளால் குறுக்கே தைத்த வலை. அந்தக் குறுக்குத் தையலைத் தடுத்துத்தான் பென்சிலின் பாக்டீரியாவைக் கொல்கிறது. நம் செல்களின் வெளிப்பரப்பு முழுவதும் கிளைத்த சர்க்கரைத் தொகுதிகள் அடர்ந்திருக்கின்றன. அவை என்ன செய்கின்றன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புரதங்களின் பெருமை எல்லோரும் அறிந்தது. இருபது அமினோ அமிலங்கள், அவற்றின் வரிசை, அந்த வரிசையிலிருந்து எழும் உருவம். இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை 1950களில் ஃபிரெடரிக் சாங்கர் முழுமையாக எழுதிக் காட்டும் வரை, புரதத்துக்குத் திட்டவட்டமான வரிசை உண்டு என்பதே உறுதிப்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை வேதிப்பொருளால் முழுதும் அவிழ்த்து, பிறகு அந்த வேதிப்பொருளை நீக்கினார். சங்கிலி தானே மடிந்து பழைய உருவத்துக்குத் திரும்பி மீண்டும் வேலை செய்தது. மடிவதற்கான குறிப்பு அதன் வரிசையிலேயே இருக்கிறது என்று அதனால் தெரிந்தது. அந்தக் குறிப்பைப் படிக்க மனிதருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறை வரிசையிலிருந்து உருவத்தைச் சொல்வதில் பெரும் பாய்ச்சல் நிகழ்த்தியது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. அதை விரிவாகச் சொல்லாமல் போவது நியாயம் ஆகாது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்தபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதை ஒட்டி. சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிப் போனார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருப்பது. நம் உடம்பின் புரதத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதுதான். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் படம் பிடித்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ஓர் அமைப்பை முன்வைத்தார்கள்: தேங்காய்நார்க் கயிற்றின் புரிகளைப் போல மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன. மூன்றும் நெருங்கும் நடுவில் இடம் மிகமிகக் குறைவு. அங்கே பக்கத்தொகுதியாக ஒரே ஒரு ஹைட்ரஜனை மட்டும் கொண்ட கிளைசின்தான் அடங்கும். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தே ஆக வேண்டும். ஓரிடத்தில் அது மாறிப்போனாலும் முறுக்கு கெடுகிறது. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்தவர்கள் அந்த அமைப்பில் குறை சொன்னார்கள். அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்பது அவர்கள் வாதம். ராமச்சந்திரன் அதை அடிப்படையிலிருந்தே ஆராயப் புறப்பட்டார். பெப்டைடு சங்கிலியில் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்களை இரு அச்சுகளாக வைத்து, அணுக்கள் முட்டாத இடங்களை மட்டும் குறித்தால் என்ன கிடைக்கும்? சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமை. புரதச் சங்கிலிக்கு அனுமதி உள்ள பகுதிகள் சில தீவுகள் மட்டுமே. இன்றைக்கும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். கணினி வசதி பெரிதாக இல்லாத ஒரு பல்கலைக்கழகத் துறையில், கணக்குப் போட்டும் மாதிரிகளைக் கையால் கட்டியும் வந்த முடிவு அது. அவருக்கு நோபல் கிடைக்காதது பற்றிப் பலர் வருந்தி எழுதியிருக்கிறார்கள். புரத அமைப்பை ஆராய்வோர் எல்லோரும் அந்த வரைபடத்தை நாடும் நிலை எந்தப் பரிசையும்விடப் பெரிது என்பது என் எண்ணம்.

வரிசையில் ஓரெழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதை நீலகிரி மலைவாழ் மக்கள் உடம்பில் சுமக்கிறார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால், நீரை விரும்பும் இடம் நீரை வெறுக்கும் இடமாகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றையொன்று பற்றி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி வருகிறது. 1949இல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்று பெயரிட்டுச் சொன்னார். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் பழங்குடிகளிடம் இந்தப் பண்பைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்கக்காலப் பதிவுகளில் இதுவும் ஒன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கிறது. மலேரியா வாட்டிய காட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் நிலைத்ததற்கு அதுவே காரணம். 2047க்குள் இந்நோயை ஒழிக்க ஒன்றிய அரசு 2023இல் ஒரு தேசிய இயக்கம் தொடங்கியிருக்கிறது. பரிசோதனை முகாம் மலைக் கிராமங்களுக்கு வருவதோடு நின்றுவிடாமல், மருந்தும் தொடர்ந்து அங்கே வந்துசேர வேண்டும்.

நொதிகளைப் பற்றி ஒன்று மட்டும். நம் சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றுகிறது. இந்த வேகத்தைப் பார்த்தவர்கள், உயிரின் சாரமே புரதம் என்று நம்பியதில் வியப்பில்லை. பாரம்பரியச் செய்தியும் புரதத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1940கள் வரை பெரும்பாலோர் நினைத்தார்கள். இருபது எழுத்து உள்ள மொழியை விட்டுவிட்டு, நான்கே எழுத்து உள்ள ஒன்றில் யார் எழுதி வைப்பார்கள்?

டிஎன்ஏவின் வரலாறு அந்த அலட்சியத்தின் வரலாறு. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஃபிரெட்ரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் ஊறிய சீழிலிருந்து வெள்ளணுக்களைக் கழுவி எடுத்து, அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளைப் பிரித்தார். அதன் மதிப்பு தெரிய முக்கால் நூற்றாண்டு ஆனது. அந்தப் பொருளின் வேதியியலைத் திறம்பட ஆராய்ந்த ஃபீபஸ் லெவீன், அதில் நான்கு காரங்களும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதாகக் கருதினார். திரும்பத் திரும்ப வருவதில் செய்தி ஏது? நியூயார்க்கில் ஆஸ்வால்டு ஏவரி, காலின் மக்லியோடு, மேக்லின் மக்கார்ட்டி மூவரும் 1944இல் அதைப் புரட்டிப் போட்டார்கள். நிமோனியா பாக்டீரியாவின் ஒரு ரகத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ, இன்னொரு ரகத்தின் இயல்பை வழிவழியாக மாற்றியது. டிஎன்ஏவில் புரதக் கலப்பு ஒட்டியிருக்கும் என்று சந்தேகித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். 1953இல் இரட்டைச் சுருள் வெளிவந்தது. வாட்சன், கிரிக், வில்கின்ஸ் பெயர்களோடு ரோசலிண்டு ஃபிராங்க்ளின் பெயரைச் சேர்க்காமல் அதைச் சொல்வது தவறு. அவர் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவுகளும் இல்லாமல் அந்த மாதிரி எழுந்திருக்காது.

மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அது சில மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள உட்கருவுக்குள் அடங்குகிறது. ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி அது கட்டப்பட்டிருப்பதால் அது சாத்தியமாகிறது. எந்தப் பகுதி இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த மரபணு வேலை செய்யும் என்பது அமைகிறது. ஈரல் செல்லும் நரம்பு செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வேறுவேறாக வாழ்வது இப்படித்தான். டிஎன்ஏ தன்னந்தனியாக எதையும் ஆள்வதில்லை. படிக்கப் புரதம் வேண்டும், படியெடுக்கப் புரதம் வேண்டும், பழுது பார்க்கவும் புரதம் வேண்டும்.

ஆர்என்ஏவுக்கும் டிஎன்ஏவுக்கும் இடையே சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் அணு வேறுபாடு. அந்த ஓர் ஆக்சிஜன் ஆர்என்ஏவை எளிதில் சிதைய வைக்கிறது. நெடுநாள் காக்க வேண்டிய ஆவணத்துக்கு அது பொருந்தாது. இப்போது வேண்டியதைச் சொல்லிவிட்டு மறைய வேண்டிய சேதிக்கு அதுவே நல்லது. அதே ஆக்சிஜன் ஆர்என்ஏவுக்கு இன்னொரு திறனையும் தருகிறது. 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் தனித்தனியே, ஆர்என்ஏவும் நொதியைப் போல வினையூக்கும் என்று காட்டினார்கள். புரதம் மட்டுமே நொதி என்ற பாடம் அன்றோடு பொய்த்தது.

அதன் உச்சம் ரைபோசோம். செல்லின் புரதம் அனைத்தையும் கட்டும் இயந்திரம் அது. பாக்டீரியாவின் ரைபோசோமில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ, ஒரு பங்கு புரதம். இஸ்ரேலின் ஆடா யோனத் 1980 வாக்கில் அதைப் படிகமாக்கத் தொடங்கியபோது, இவ்வளவு பெரிய, இவ்வளவு ஒழுங்கற்ற ஒன்று படிகமாகாது என்று பலர் கருதினார்கள். 2000இல் அதன் பெரிய பகுதியின் அமைப்பை யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸின் குழுவும், சிறிய பகுதியின் அமைப்பைக் கேம்பிரிட்ஜில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழுவும் அணு அணுவாக வெளியிட்டன. மூவரும் 2009இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அமினோ அமிலங்கள் இணைக்கப்படும் அந்த முக்கிய இடத்தில் புரதமே இல்லை, ஆர்என்ஏ மட்டும்தான் இருக்கிறது. புரதத்தைக் கட்டுவது ஆர்என்ஏ என்றால், ஆதியில் புரதம் தோன்றும் முன்பே ஆர்என்ஏ இருந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. மருத்துவத்துக்கும் இதனால் பயன் உண்டு: டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே குந்துகின்றன என்று நேரில் பார்க்க முடிந்தது.

லிப்பிடுகள் மற்ற மூன்றோடும் சேராதவை. அவை சங்கிலித் தொடர் அல்ல. ஒரு கொழுப்பு மூலக்கூறின் நிறை புரதத்தோடு ஒப்பிட்டால் மிக அற்பம். கண்டிப்பான வேதியியலாளர் இவற்றைப் பெருமூலக்கூறு என்றே ஒப்பமாட்டார். ஆனால் நீரில் விட்டால் இவை தாமாகவே பெரும் பரப்பாகக் கூடுகின்றன, அதுவும் எந்தப் பிணைப்பும் இல்லாமல். நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உள்ள மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து இரண்டு அடுக்காகத் தாமே நிற்கின்றன. 1925இல் ஹாலந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். அந்தப் பரப்பு செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. சவ்வு இரண்டடுக்கு என்று முடிவு கட்டினார்கள். கொழுப்பை அவர்கள் முழுதாகப் பிரிக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைத்தே கணித்திருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. முடிவு இன்றுவரை நிற்கிறது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து கிடக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் எப்போதும்போல் ஓடும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, நேரானவை, நெருக்கி அடுக்கக்கூடியவை. நல்லெண்ணெயின் வால்களில் இரட்டைப் பிணைப்பால் ஒரு வளைவு; அடுக்க வராது. ஒவ்வொரு செல்லும் இந்தச் சிக்கலை நாள்தோறும் சமாளிக்கிறது. குளிர் வந்தால் பாக்டீரியா தன் சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டி அது உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நம் செல்களில் கொலஸ்ட்ரால் இடையில் புகுந்து அளவான இளக்கத்தைக் காக்கிறது. கொலஸ்ட்ராலை எதிரி என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அது இல்லாமல் நம் செல்லுக்குச் சரியான சவ்வும் இல்லை, பாலின ஹார்மோன்களும் இல்லை, வைட்டமின் டியும் இல்லை. கிராமுக்கு 9 கிலோ கலோரி தரும் சேமிப்பு என்பது லிப்பிடின் ஒரு முகம்தான்.

இந்த நான்கையும் ஒரே இடத்தில் காண ஒரு சொட்டு ரத்தம் போதும். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வியன்னாவில் ரத்த வகைகளை அறிவித்தார். ஏ வகைக்கும் பி வகைக்கும் என்ன வேறுபாடு என்பது 1950களில் லண்டனில் வால்டர் மார்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் இருவரின் ஆய்வால் தெளிந்தது: சிவப்பணுவின் மேலுள்ள ஒரு சர்க்கரைத் தொடரின் நுனியில் ஒரே ஒரு சர்க்கரை. ஏ வகையில் அது நைட்ரஜன் சேர்ந்த காலக்டோஸ், பி வகையில் வெறும் காலக்டோஸ், ஓ வகையில் இரண்டும் இல்லை. அந்தச் சர்க்கரையை ஒட்டவைப்பது ஒரு நொதி, அதாவது புரதம். ஏ நொதிக்கும் பி நொதிக்கும் 350க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் நான்கே வேறுபாடு. 1990இல் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோவின் குழு மரபணுவைப் படித்தது. பரவலான ஓ வகையில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் வாசிப்பு நழுவி, நொதி பாதியில் நின்றுவிடுகிறது. சர்க்கரைத் தொடர் ஊன்றி நிற்கும் அடித்தளமோ சவ்வின் லிப்பிடும் புரதமும். ஓர் எழுத்து போனதால் ஒரு புரதம் போனது, புரதம் போனதால் ஒரு சர்க்கரை போனது. தவறான ரத்தம் ஏற்றினால் உயிரே போகும்.

1952இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியோரும் இதைவிட அரிய ஒன்றைக் கண்டார்கள். சிலருடைய ரத்தம் வழக்கமான சோதனையில் ஓ என்று காட்டும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் அவர்கள் உடல் அதை எதிர்க்கும். மற்ற எல்லோருக்கும் அடிப்படையாக இருக்கும் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையே அவர்களுடைய சிவப்பணுவில் ஒட்டப்படவில்லை. பாம்பே ரத்த வகை என்று உலகம் சொல்வது இதைத்தான். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ரத்தம் தேவைப்பட்டால் அதே வகையினரிடமிருந்துதான் பெற வேண்டும். ஒரு கொடையாளரைத் தேடி ஊர் ஊராகத் தொலைபேசி அழைப்பு போகும்.

இவ்வளவு தெரிந்தும் சர்க்கரைகளின் ஆய்வு மற்றவற்றைவிடப் பின்தங்கியே இருக்கிறது. காரணம் நேர்மையானது: கடினம். டிஎன்ஏவுக்கு அச்சு உண்டு, புரதத்துக்கு அந்த அச்சின் வழி வரிசை உண்டு. சர்க்கரைத் தொடருக்கு அப்படி ஒரு முன்வரைவு இல்லை. அந்தச் செல்லில் எந்தெந்த நொதிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து, கோல்கி உறுப்பில் அது படிப்படியாகக் கட்டப்படுகிறது. கிளைகளும் உண்டு, ஒவ்வோர் இணைப்பிலும் பல வாய்ப்புகளும் உண்டு. டிஎன்ஏவைப் போல ஆய்வகத்தில் அதைப் பெருக்கவும் முடியாது. உயிருள்ள செல்லின் மீதே சர்க்கரைகளை அடையாளமிட்டுப் பார்க்கும் வேதியியலை வளர்த்ததற்காக கரோலின் பெர்டோசி 2022இல் நோபல் பகிர்ந்துகொண்டார்.

அவரோடு பணியாற்றிய ரயன் ஃபிளின் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த நான்கு பெட்டிகளையும் மீண்டும் அசைத்தது. சர்க்கரைத் தொடர் புரதத்தின் மேலோ லிப்பிடின் மேலோதான் அமரும் என்பது பாடம். அவர்கள் சிறு ஆர்என்ஏ மூலக்கூறுகளின் மேலும் சர்க்கரைத் தொடர்கள் ஒட்டியிருப்பதாகவும், அவை செல்லின் வெளிப்பரப்பில் தென்படுவதாகவும் அறிவித்தார்கள். ஆர்என்ஏ செல்லுக்குள் மட்டுமே வேலை செய்வது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது எதிர்பாராதது. பிரித்தெடுத்த ஆர்என்ஏவோடு சர்க்கரை சேர்ந்த புரதங்கள் கலந்து வந்திருக்கலாம் என்று எதிர்வாதம் வைப்போரும் இருக்கிறார்கள். ஏவரியின் டிஎன்ஏவில் புரதம் கலந்திருக்கும் என்று அன்று எழுந்த ஐயத்தின் வகையே இதுவும். சோதனையால்தான் தீர வேண்டும். அந்த ஆர்என்ஏ வெளியே எப்படிப் போகிறது, அங்கே எதைச் சந்திக்கிறது என்பதைத் தேடும் வேலை இப்போது பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.